ஓசூர் பொம்மை ஜூஜுவாடி தாண்டும்போது

ஓசூரிலிருந்து நாகர்கோவில் 600 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். என் சித்தி மகள், எனக்கு அக்கா முறை, ஓசூரில் வீட்டிலிருந்தபடியே குரோஷா நூலில் பொம்மை பின்னி இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். நாகர்கோவிலுக்குப் போன பொம்மைகளால் அவளுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. பெங்களூருவிலிருந்து 450 ரூபாய்க்கு வந்த ஒரு யானை ஆர்டர்தான் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் போட வைத்தது.

"தம்பி, ஜூஜுவாடி தாண்டினா ஜிஎஸ்டி எடுக்கணுமாமே, நிஜமாவா?"

ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகா. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அந்த யானையைப் பார்த்து ஒரு சட்டம் "கைவினைப் பொருள்" என்கிறது, இன்னொன்று "விளையாட்டுச் சாமான்" என்கிறது, மூன்றாவது சட்டத்துக்கு அது வெறும் "பொட்டலம்". கையால் செய்தது என்பதால் நமக்கு அதன்மேல் ஒரு பாசம் இருக்கலாம். சட்டத்துக்குக் கை கண்ணில் படுவது அபூர்வம். படும் இடங்களிலும் அதற்கு ஒரு தாள் கேட்கும்.

முதலில் ஜிஎஸ்டி. எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு என்பது. 2019 ஏப்ரலிலிருந்து அப்படித்தான். (புதுச்சேரி அந்த உயர்வை ஏற்கவில்லை, அங்கே 20 லட்சம்தான்.) வீட்டில் பின்னி விற்கும் ஒருவர் 40 லட்சத்தைத் தொடுவது நடக்காத காரியம், ஆகவே நமக்கு இது வேண்டாம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆம் பிரிவு விற்பனைத் தொகையையே பார்ப்பதில்லை. வரிக்குரிய பொருளை மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் முதல் ரூபாயிலேயே பதிவு என்கிறது அது. தூரம் அதற்குப் பொருட்டில்லை. கடலூர்க்காரர் புதுச்சேரிக்கு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனைதான்.

இங்கேதான் கைவினைக்கு ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்த சில மாதங்களிலேயே கைவினைஞர்கள் தரப்பிலிருந்து முறையீடுகள் வந்தன. அதன் பிறகு பட்டியலிட்ட கைவினைப் பொருட்களை வெளிமாநிலத்துக்கு விற்றாலும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று அறிவிக்கை போட்டார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2018 அக்டோபரில் வந்தது. மண்பாண்டம், மூங்கில், கயிறு, கை எம்பிராய்டரி, செதுக்கிய மரம், கல், பொம்மை என்று அந்தப் பட்டியல் போகிறது. இயந்திரத்தைத் தொட்டிருந்தாலும் பரவாயில்லை, பெரும்பங்கு கைவேலையாக இருக்க வேண்டும். பட்டியலில் பொம்மை இருப்பதால் அக்காவின் யானை பிழைத்தது. அவளே சமையலறையில் காய்ச்சும் சோப் அதில் இல்லை. ஒரே வீடு, ஒரே கை, ஆனால் யானை பதிவில்லாமல் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்திப்பள்ளி போகலாம், சோப் போக முடியாது.

இந்தச் சலுகைக்கு இரண்டு நிபந்தனை உண்டு. பான் எண் இருக்க வேண்டும், அனுப்பும்போது இ-வே பில், அதாவது சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்று இணையத்தில் போடும் சீட்டு, போட வேண்டும். பெரும்பாலான சரக்குகளுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் வெளிமாநில இ-வே பில். பதிவில்லாத கைவினைஞர் மாநிலம் தாண்டி அனுப்பும் பொருளுக்கோ, மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் இ-வே பில் உண்டு என்று விதி 138 சொல்கிறது. 450 ரூபாய் யானைக்கும் உண்டு. சலுகை கொடுத்த கையே ஒரு தாளையும் நீட்டுவது நம் ஊர் வழக்கம்தானே.

இதெல்லாம் நேரடியாக விற்றால். அதாவது இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, வாட்ஸ்அப்பில் பேசி, யுபிஐயில் பணம் வாங்கி, தானே பார்சல் போட்டால். சொந்த வெப்சைட் வைத்திருந்தாலும் இதே கதைதான். அமேசான், பிளிப்கார்ட், மீஷோ மாதிரி நடுவில் ஒரு நிறுவனம் இருந்து, அதுவே வாங்குபவரிடம் பணம் வாங்கி நமக்குத் தருவதாக இருந்தால் வழக்கு வேறு. அப்படி விற்பவர்கள் எல்லோரும், உள்ளூர் விற்பனையே ஆனாலும், கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் 2023 செப்டம்பர் வரை இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஒரே மாநிலத்துக்குள் மட்டும் விற்பேன் என்பவர் ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணும் முகவரியும் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால் போதும். பதிவும் இல்லை, வரிக்கணக்கு ரிட்டர்னும் இல்லை. ஆனால் இந்த வழியில் வந்தவர் வெளிமாநில ஆர்டர் எதையும் எடுக்கக் கூடாது. கைவினைச் சலுகையைக் காட்டி இங்கே எல்லை தாண்ட முடியாது, இரண்டும் வேறு வேறு கதவுகள்.

பல ஆடிட்டர்கள் "எதுக்கும் ஒரு ஜிஎஸ்டி எடுத்து வெச்சிடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது என்பதால் அது சும்மா கிடைப்பது போலத் தெரியும். செலவு அதற்குப் பிறகுதான். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு பிரசவம் என்று நாலு மாதம் ஊசியைத் தொடாமல் விட்ட பெண்ணுக்கு விற்ற பொம்மையின் லாபத்தைவிட அபராதம் பெரிதாக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். வெளிமாநில ஆர்டர் நிஜமாகவே வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்வதுதான் சரி என்பது என் கட்சி. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டம் 1 சதவீத வரியோடு முடிந்துவிடும் என்று ஆசை காட்டும், ஆனால் அதிலும் வெளிமாநிலம் கிடையாது.

பதிவு செய்தவருக்கு வரி விகிதம் இப்போது முன்பு போல அச்சுறுத்தலாக இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கே போய்விட்டது. பொம்மைகளும் கைவினைப் பொருட்கள் பலவும் 5 சதவீதத்துக்கு வந்தன, 18இல் இருந்த குளியல் சோப் கட்டியும் 5க்கு இறங்கியது.

ஜிஎஸ்டியைப் பற்றி இவ்வளவு பயப்படுகிறவர்கள், பொருளின் மேல் ஒட்ட வேண்டிய லேபிளைப் பற்றிக் கேட்பதே இல்லை. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

வாங்குபவர் எதிரில் இல்லாமல் முன்கூட்டியே கட்டிவைத்த எதுவும் பொட்டலப் பொருள். 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011இல் வந்த பொட்டலப் பொருட்கள் விதிகளும் அதற்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. அக்கா தன் சோப்பை எப்படிக் கட்டுகிறாள் என்று ஒருநாள் பார்த்தேன். பழுப்புக் காகிதம், சணல் கயிறு, ஒரு காய்ந்த ரோஜா மொட்டு, மேலே அழகான கையெழுத்தில் "குப்பைமேனி" என்று ஒரு சீட்டு. பார்க்க லட்சணமாக இருந்தது. விதிப்படி பார்த்தால் அந்தச் சீட்டில் ஒன்றுமே இல்லை.

செய்தவர் பெயரும் முழு முகவரியும் வேண்டும். பொருளின் பொதுப்பெயர் வேண்டும், குப்பைமேனி என்றால் போதாது, சோப் என்று இருக்க வேண்டும். நிகர எடை, செய்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, கிராமுக்கு என்ன விலை என்ற அலகு விலை, குறை சொல்லத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வேண்டும். பொம்மைக்கு எடை தேவையில்லை, எண்ணிக்கை போதும். இன்னொரு விஷயம் தமிழில் லேபிள் போடுகிறவர்களை முகம் சுளிக்க வைக்கும். இந்த விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும் என்கிறது விதி. தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், தமிழ் மட்டும் இருந்தால் செல்லாது. ஓசூரில் செய்து ஓசூரிலேயே விற்றாலும் இதுதான்.

முகவரி விஷயத்தில் அக்கா தயங்கியது நியாயம் என்று எனக்குப் பட்டது. முழு முகவரி என்றால் கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம்தான். வீட்டில் தனியாக இருந்து வேலை செய்யும் பெண், முன்பின் தெரியாத முந்நூறு பேருக்குத் தன் வீட்டு வாசலை அச்சடித்து அனுப்ப வேண்டும். தபால் பெட்டி எண் கொடுத்து ஒதுங்க வழியில்லை. ஜிஎஸ்டி எடுத்தால் அந்த முகவரியைத் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கடைக்காரரையும் கம்பெனியையும் மனதில் வைத்து எழுதிய விதி இது. எழுதியவர் மனதில் வீடு இல்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, அங்கே வைத்தே பொட்டலம் கட்டி, அந்த முகவரியைப் போடுவது சிலர் கண்டுபிடித்த வழி. சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் சுலபம்.

தராசையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு அரசு முத்திரை இல்லாதது. வீட்டில் கேக் செய்ய அது சரி, விற்கும் பொருளை அதில் எடைபோடக் கூடாது. முத்திரை போட்ட வியாபாரத் தராசு வேண்டும், கெடு முடிந்ததும் மறுமுத்திரையும் வேண்டும். அப்புறம், பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கிய 90 நாளுக்குள், பொட்டலம் கட்டுபவர் என்று 500 ரூபாய் செலுத்தித் தொழிலாளர் துறையில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

இதே விவரங்கள் இணையத்தில் பொருளைக் காட்டும் இடத்திலும் இருக்க வேண்டும் என்று 2018 ஜனவரியிலிருந்து விதி உண்டு, செய்த மாதம் ஆண்டு மட்டும் விலக்கு. அதாவது "விலைக்கு டிஎம் பண்ணுங்க" என்று போடுவது வெறும் எரிச்சல் விஷயம் மட்டுமில்லை. விலையை மறைத்து வைப்பதே விதிமீறல்.

இனி சோப்.

கையால் செய்யும் பொருட்களிலேயே சட்டம் அதிகம் கடித்துக் குதறுவது இதைத்தான். நான் இதில் கொஞ்சம் நின்று சொல்லக் காரணம், "பத்தே நாளில் சோப் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்" என்று நடக்கும் வகுப்புகள். அக்கா அப்படி ஒன்றில் 3,000 ரூபாய் கட்டிப் படித்தாள். அச்சு எங்கே வாங்குவது, வாசனை எண்ணெய் எத்தனை சொட்டு, படம் எப்படி எடுப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். உரிமம் என்ற சொல் அந்தப் பத்து நாளில் ஒருமுறைகூட வரவில்லை.

1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டம் அழகுப் பொருளுக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. உடம்பில் தேய்க்கவோ, ஊற்றவோ, தூவவோ, தெளிக்கவோ செய்து, சுத்தப்படுத்தவோ அழகூட்டவோ பயன்படும் எதுவும் அதில் அடங்கும். ஒரு காலத்தில் அந்த வரையறையின் கடைசியில் "சோப் இதில் சேராது" என்று இருந்தது. 1982இல் வந்த திருத்தம் அந்தச் சில சொற்களை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து சோப்பும் அழகுப் பொருள்தான். நலங்குமாவு, சீயக்காய்த் தூள், குளியல் பொடி, கண்மை, லிப் பாம் எல்லாம் அதே வரையறைக்குள் வருகின்றன. இவற்றை விற்பனைக்காகச் செய்ய, 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். இத்தனை லட்சத்துக்குக் கீழ் விற்றால் விலக்கு என்று எந்தக் கோடும் அதில் இல்லை.

"நான் செய்யறதே இல்லையே, சோப் பேஸ் வாங்கி உருக்கி அச்சுல ஊத்தறேன், அவ்வளவுதான்" என்றாள் அக்கா. அதற்கும் சட்டம் இடம் வைக்கவில்லை. செய்வது மட்டுமல்ல, மாற்றுவது, அலங்கரிப்பது, பொட்டலம் கட்டுவது, லேபிள் ஒட்டுவது என்று எந்தப் படியைச் செய்தாலும் அது உற்பத்தி என்றே சட்டம் பொருள் கொள்கிறது. மொத்தமாக வாங்கிய கஸ்தூரி மஞ்சள் பொடியை முகப்பூச்சு என்று நூறு கிராம் டப்பாவில் போட்டு நம் பெயர் ஒட்டினாலும் அப்படித்தான்.

உரிமம் வாங்குவது வீட்டுச் சமையலறையில் நடக்கிற காரியமா? அநேகமாக இல்லை. குடியிருக்கும் இடத்திலிருந்து பிரிந்த இடம், வகைக்கு ஏற்ற பரப்பும் கருவிகளும், தகுதி பெற்ற ஒரு முழுநேர ஆள், ஒவ்வொரு தொகுதிக்கும் (பேட்ச்) எண்ணும் பதிவேடும் என்று அது ஒரு சின்னத் தொழிற்சாலையைக் கேட்கிறது. லேபிளில் உரிம எண், தொகுதி எண், கெடு தேதி, சேர்மானங்கள் எல்லாம் வர வேண்டும்.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அழகுப் பொருளைச் செய்யத்தான் உரிமம், விற்க உரிமம் தேவையில்லை. உரிமம் உள்ள ஒரு கூடத்தில் நம் சேர்மானத்தைக் கொடுத்துச் செய்து வாங்கி, நம் பெயரில் விற்கலாம். செய்தவர் பெயரும் உரிம எண்ணும் லேபிளில் வரும். அவர்களுடைய கூடத்தையும் கருவியையும் பயன்படுத்தி நாமே செய்ய "லோன் லைசன்ஸ்" என்றும் ஒன்று உண்டு. அக்காவுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. "அப்புறம் அது என் கையால செஞ்சதா ஆகுமா?" என்றாள். ஆகாதுதான். ஆனால் காஸ்டிக் சோடா அளவு தப்பிப்போன ஒரு கட்டி யாரோ ஒரு குழந்தையின் தோலில் படும்போது, யார் கை என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த விதி கடுமைதான், சிறியவர்களுக்கென்று ஒரு படி வைத்திருக்கலாம்தான். ஆனாலும் காரணமில்லாத கடுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சோப் விற்பவர்களின் இன்னொரு பழக்கம், வியாதியைத் தொடுவது. குப்பைமேனி சோப் "சுத்தப்படுத்தும்" என்று சொல்லும்வரை அது அழகுப் பொருள். "சொறி, சிரங்கு, படை போகும்" என்று போட்ட நொடியில் அது மருந்து. சித்த, ஆயுர்வேத மருந்துக்கு வேறு உரிமம், வேறு விதி. வெண்புள்ளியைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்தால் 1954ஆம் ஆண்டு விளம்பரச் சட்டமே தனியாகக் கையைப் பிடிக்கும். பொருளை மாற்றவே வேண்டாம், ஒரு வரியை மாற்றினாலே போதும், ஒரு சட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம்.

ஊறுகாய், இட்லிப் பொடி, தேன் விற்பவர்கள் நிலை இதைவிட எவ்வளவோ தேவலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறியவர்களுக்கென்று அடிப்படைப் பதிவு என ஒரு படியை வைத்தது. 2011 விதிகள் அதற்கு 12 லட்சம் விற்பனை என்று கோடு போட்டு, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் வைத்தன. வீட்டு முகவரியிலேயே கிடைக்கும். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணை லேபிளில் போட வேண்டும். அதே சமையலறை, ஆனால் வயிற்றுக்குள் போவதற்கு ஒரு சுலபமான படி இருக்கிறது, தோலின் மேல் தேய்ப்பதற்கு இல்லை என்பது யோசித்தால் வேடிக்கைதான்.

யானைக்குத் திரும்புவோம். ஜிஎஸ்டியில் கைவினைப் பொருள் என்று தப்பித்த அது, வேறொரு வாசலில் மாட்டிக்கொள்கிறது. 2020இல் வந்த பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாட என்று செய்த எதுவும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. மலிவான இறக்குமதிப் பொம்மைகளைத் தடுக்கத்தான் வந்தது, ஆனால் சல்லடையில் வீட்டுப் பொம்மைகளும் விழுந்தன. முத்திரை வாங்க ஐஎஸ் 9873 என்ற தரப்படி சோதனை உண்டு. யானையின் கண்ணுக்குத் தைத்த மணி இழுத்தால் கழன்று வருகிறதா, நூல் எவ்வளவு வேகமாகத் தீப்பிடிக்கிறது, சாயத்தில் ஈயம் போன்றவை இருக்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பார்கள். கேள்விகள் நல்ல கேள்விகள்தான். 450 ரூபாய் பொம்மை இதையெல்லாம் தாங்குமா என்பதுதான் சிக்கல்.

ஆணை அமலுக்கு வருவதற்கு மூன்று வாரம் முன்பு, 2020 டிசம்பரில், ஒரு திருத்தம் வந்தது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர், தானே செய்து தானே விற்கும் பொம்மைக்கு இந்த ஆணை பொருந்தாது. புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊருக்கே உரிய பொருள் என்ற பெயர்ப் பாதுகாப்பு, பெற்ற பொம்மைகளுக்கும் பொருந்தாது, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை அப்படித்தான் நிம்மதியாக இருக்கிறது. அக்கா மாதிரி ஆட்களுக்கு வேண்டியது அந்த அலுவலகம் தரும் "பெஹ்சான்" கைவினைஞர் அடையாள அட்டை. அது கையில் இருந்தால் அவள் கைவினைஞர், இல்லாவிட்டால் முத்திரை இல்லாத பொம்மை உற்பத்தியாளர். 2016ஆம் ஆண்டு தரநிர்ணயச் சட்டப்படி முதல் தப்புக்கே அபராதம் 2 லட்சத்துக்குக் குறையாது என்று இருக்கிறது. யானையோ அதே யானைதான்.

"அலங்காரப் பொருள், விளையாடுவதற்கல்ல" என்று சீட்டு ஒட்டிவிட்டால் போதும் என்று விற்பவர்கள் குழுக்களில் ஒரு வைத்தியம் உலவுகிறது. விளையாட்டுக்கென்றே இல்லாமல் வேறு பயனும் இருந்தாலும் அது பொம்மைதான் என்று வரையறையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். படத்தில் குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் யானைக்குக் கீழே "அலங்காரம்" என்று எழுதினால் யார் நம்புவது?

வேறொருவர் பெயரை, உருவத்தை எடுத்தாள்வது பற்றியும் இரண்டு வார்த்தை. கார்ட்டூன் பாத்திரங்களைப் பின்னி விற்பது, சினிமா நடிகர் முகத்தைச் சாவிக்கொத்தில் போடுவது எல்லாம் நடக்கிறது, பக்கம் முடக்கப்படும்வரை நடக்கும். நம்மவர்கள் இதைவிட அதிகம் தவறுவது ஊர்ப்பெயரில். தோடர் பூத்தையல், செட்டிநாட்டுக் கொட்டான், பத்தமடைப் பாய், பவானி ஜமக்காளம் எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. இயந்திரத்தில் அடித்த கறுப்பு சிவப்பு டிசைனைத் தோடர் வேலை என்று விற்பது பொய் மட்டுமல்ல, குற்றமும்கூட. நிஜமாகவே அந்த மரபில் நெய்கிறவர், தைக்கிறவர் தன்னை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கான கட்டணத்தை 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். இந்தியா முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது, நமக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை.

சொந்தப் பெயரைக் காக்க வணிகச்சின்னம் எடுக்க நினைத்தால், தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். சிறு நிறுவனம் என்று காட்ட, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவு உதவும். உதயம் இலவசம், ஆதாரை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முடியும். அதற்கு 2,000 ரூபாய் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை. இன்னொன்று, உதயம் ஓர் அடையாளமே தவிர உரிமம் அல்ல. சுவரில் அதைச் சட்டம்போட்டு மாட்டிவிட்டு "லைசன்ஸ் இருக்கு" என்பவர்கள் நிறைய.

விற்ற பிறகு வரும் சட்டம் நுகர்வோர் சட்டம். "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், பிரிக்கும்போது வீடியோ எடுக்காவிட்டால் புகார் ஏற்கப்படாது" என்று பக்கத்தின் உச்சியில் ஒட்டிவைத்திருக்கிறார்களே, அதற்குச் சட்டத்தின் முன் பெரிய மரியாதை இல்லை. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ, காட்டியதற்கு மாறாகவோ இருந்தால் திரும்ப வாங்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. வீடியோ ஒரு சாட்சியாக உதவலாம், அது இல்லை என்பதற்காக உரிமை போய்விடாது. கைவேலை என்பதால் நிறத்தில், அளவில் சிறு மாற்றம் இருக்கும் என்று முன்கூட்டியே எழுதி, நிஜ வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் போடுவதுதான் நமக்கு நல்ல காப்பு. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றையும் மாற்றியது, வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. பெங்களூருக்காரர் பெங்களூருவிலேயே போடலாம், ஓசூர்க்காரர்தான் அங்கே போய் நிற்க வேண்டும்.

வருமான வரி பலரும் நினைக்கும் அளவுக்குப் பயங்கரமில்லை. பெரிய தளங்கள் வழியே விற்றால் அவர்கள் 0.1 சதவீதம் பிடித்துக் கட்டுவார்கள், 2024 அக்டோபருக்கு முன் அது 1 சதவீதமாக இருந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை விற்கும் தனிநபர் பான் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. வங்கிக் கணக்கில் வந்த ஒவ்வொரு யுபிஐ தொகைக்கும் இது பொம்மைக்கு வந்தது, இது மாமியார் அனுப்பியது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வெளிநாட்டு ஆசை இருந்தால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும், 500 ரூபாய். தபால் நிலையம் வழியாகவே அனுப்ப இப்போது ஏற்பாடு இருக்கிறது. தடை அந்தப் பக்கம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 13 முதல், அங்கே இருக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் இல்லாமல் பொருளை விற்கவிடுவதில்லை. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சலுக்குத் தந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 அன்று நிறுத்தியது. அந்தக் குழப்பத்தில் நம் அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களை ஏழு வாரம்போல நிறுத்தி, அக்டோபர் 15இல்தான் மீண்டும் தொடங்கியது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "நான் அத்திப்பள்ளியே இன்னும் தாண்டல" என்றாள்.

கடைசியில் அவள் செய்தது இது. சோப்பை விற்பதை நிறுத்தி, சொந்தக்காரர்களுக்கு மட்டும் சும்மா கொடுக்கிறாள். கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பித்து, அது வந்த பிறகுதான் பொம்மை ஆர்டரை எடுத்தாள். யானையைக் கேட்ட பெங்களூரு அம்மாவும் பொறுமையாகக் காத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து அந்த யானைக்கு இ-வே பில் போட்டோம். என்ன சரக்கு, மதிப்பு என்ன, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுக்கொண்டே வந்த படிவம், கடைசியில் வண்டி எண்ணோ போக்குவரத்து நிறுவனத்தின் அடையாள எண்ணோ கேட்டது. மறுநாள் பக்கத்துத் தெரு கூரியர் ஆபீசில் போய் நிறுவன எண்ணைக் கேட்டோம். கவுண்டரில் இருந்த பையன் பார்சலைக் கையில் தூக்கிப் பார்த்தான், முந்நூறு கிராம்கூட இராது. "உள்ள என்னக்கா இருக்கு, தங்கமா?" என்றான்.